பாரிஸிலிருந்து மீண்ட அஸ்ஹர் ஆலிம்

கல்வி தேடிப் புறப்படுவதன் சிறப்பை நம் முன்னோர் விரிவாக எழுதி வைத்துள்ளனர். 'ரிஹ்லா' என்ற அரபுச் சொல்லைக் கேட்டவுடன், ஒரேயொரு நபிமொழியைக் கேட்டறிவதற்காகப் பாலைவனங்களைக் கடந்து சென்ற பெரியார்களின் வரலாறுகள் நம் நினைவில் எழுகின்றன. பக்தாதைச் சேர்ந்த கதீபுல் பக்தாதீ இதற்கெனவே ஒரு தனி நூலை யாத்துள்ளார். ஆனால், புறப்பட்டவர் திரும்பி வருவதைப் பற்றி நாம் பேசுவது குறைவு. படிப்பு முடிவுறும் தறுவாயில் ஒரு மாணவன் என்ன செய்ய வேண்டும், எதை மூட்டை கட்ட வேண்டும், ஊர் வந்து சேர்ந்தபின் அவனுக்குரிய கடமை யாது என்ற வினாக்கள் புறப்பாட்டைக் காட்டிலும் கடினமானவை.

திருக்குர்ஆனின் 'தவ்பா' அத்தியாயத்தில் வரும் 122ஆம் வசனத்தை ஊன்றிப் பார்ப்போர் இவ்வுண்மையை உணர்வர். மக்கள் அனைவரும் ஒருசேரப் புறப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரு பகுதியினர் சென்று மார்க்கத் தெளிவு பெறட்டும் என்று கூறும் அவ்வசனம் அத்துடன் நின்றுவிடவில்லை. அவர்கள் தம் மக்களிடம் திரும்பி வரும்போது அம்மக்களை எச்சரித்து நல்வழி காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே கூறுகிறது. கற்பதும் மீள்வதும் அங்கே ஒரே கடமையின் இரண்டு பாதிகளாக வைக்கப்பட்டிருக்கின்றன.

இக்கடமையின் இரண்டாம் பாதியை நிறைவேற்றிக் காட்டிய ஓர் அறிஞரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர் எகிப்து நாட்டு ஆலிம், அஸ்ஹரில் ஓதியவர், ஐந்தாண்டுகள் பாரிஸ் மாநகரில் பயின்று, 1831ஆம் ஆண்டில் தாயகம் மீண்டவர். ரிஃபாஆ ராஃபிஉ தஹ்தாவி என்பது அவர் பெயர்.

படிப்பு முடியும் நாளில் முற்காலத்து மாணவர்

தஹ்தாவியின் வரலாற்றுக்குள் புகுமுன், அவர் எந்த மரபின் பிள்ளை என்பதை அறிதல் நலம்.

முற்கால ஹதீஸ் மாணவர்கள் ஓர் ஆசிரியரிடம் ஒரு நூலைக் கேட்டு முடித்தவுடன் மூட்டை கட்டிவிடவில்லை. முதலில் 'முகாபலா' நடைபெறும். தாம் எழுதிக்கொண்ட பிரதியை ஆசிரியரின் மூலப் பிரதியோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுத் திருத்துவதே முகாபலா. அடுத்து 'ஸமாஉ' எழுதப்படும். இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னார் ஓத, இன்னின்னார் கேட்டனர் என்று ஏட்டின் இறுதிப் பக்கத்தில் பெயர்களோடு பதிவு செய்யப்படும். இடையில் ஒருவர் வராதிருந்தால், எந்தப் பகுதியை அவர் தவற விட்டார் என்பதைக்கூடக் குறித்து வைத்த ஏடுகள் உண்டு. இவற்றின் பின்னரே 'இஜாஸா' வழங்கப்படும்.

இஜாஸா என்றால் 'அனுமதி' என்று பொருள். 'நீர் அறிவாளி' என்று ஒருவருக்குச் சூட்டப்படும் பட்டமன்று அது. 'என்னிடம் கேட்டதை நீர் பிறருக்கு எடுத்துரைக்கலாம்' என்ற ஒப்புதலே அது. ஆகவே, நம் மரபில் கல்வியின் முடிவு என்பது பிறருக்குக் கொடுக்கும் பொறுப்பு தொடங்கும் நாளேயாகும். நம் அரபுக் கல்லூரிகளில் பட்டமளிப்பு நாளன்று ஸனதைக் கையில் பெறும் இளம் மௌலவிகள் இச்சொல்லின் பொருளை ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாக!

மீண்டு வருவோரை ஊர் எப்போதும் மாலையிட்டு வரவேற்றதில்லை என்பதையும் வரலாறு காட்டுகிறது. அந்தலூஸைச் சேர்ந்த பகீ இப்னு மக்லத் என்னும் பேரறிஞர் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் கிழக்கு நாடுகளில் நெடுங்காலம் சுற்றிப் பயின்று, இப்னு அபீ ஷைபாவின் 'முஸன்னஃப்' என்னும் பெருந்தொகுப்புடன் கொர்தோவாவுக்குத் திரும்பினார். அங்கிருந்த மாலிகீ மத்ஹபுச் சட்ட அறிஞர் பலர் அந்நூலை எதிர்த்து எழுந்தனர். மாற்றுக் கருத்துகள் அதில் நிறைந்திருக்கின்றன என்பது அவர்களின் முறையீடு. அமீர் முஹம்மது அந்நூலைப் பகுதி பகுதியாகத் தாமே பார்வையிட்டார். தம் நூலகத்திற்கு ஒரு பிரதி எடுக்கப் பணித்தார். கற்று வந்ததைப் பரப்புமாறு பகீயிடம் கூறினார். வெளிநாட்டிலிருந்து கொணரப்பட்ட அறிவு ஊர் மண்ணில் வேர்விட, கற்றவரின் உறுதியும் வேண்டும். அவருக்கு இடமளிக்கும் பெரியோரின் நெஞ்சமும் வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

இமாமாகச் சென்றவர் மாணவரானார்

நெப்போலியனின் படைகள் எகிப்தை விட்டு வெளியேறிய 1801ஆம் ஆண்டிலேயே, மேல் எகிப்தில் உள்ள தஹ்தா என்ற ஊரில் ரிஃபாஆ பிறந்தார். 1817இல் அஸ்ஹரில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஷைகு ஹஸனுல் அத்தார் அவர்கள். பிரெஞ்சுக்காரர் கெய்ரோவில் இருந்த காலத்தில் அவர்களின் அறிஞர்களோடு பழகி, அவர்களிடமிருந்த நூல்களையும் கருவிகளையும் நேரில் கண்டவர் அத்தார். நம் நாடுகளின் நிலை மாற வேண்டும், நம்மிடம் இல்லாத அறிவுத்துறைகள் இங்கே புதிதாக வர வேண்டும் என்ற ஏக்கம் அவருள்ளத்தில் இருந்தது.

எகிப்தை ஆண்ட முஹம்மது அலீ பாஷா 1826இல் நாற்பதுக்கு மேற்பட்ட இளைஞர்களைப் பிரான்சுக்கு அனுப்பினார். படைத்துறை, கடற்படை, மருத்துவம், பொறியியல், வேளாண்மை, அச்சுத்தொழில் முதலியவற்றைக் கற்றுவர வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்களுக்குத் தொழுகை நடத்தவும் மார்க்கம் போதிக்கவும் இமாம் தேவைப்பட்டார். ஷைகு அத்தாரின் பரிந்துரையால் அப்பணி ரிஃபாஆவுக்குக் கிட்டியது. மாணவராக அல்ல, இமாமாகவே அவர் கப்பலேறினார் என்பது குறிப்பிடத்தக்கது. புறப்படும் வேளையில் ஆசிரியர் ஓர் அறிவுரை வழங்கினார்: காணும் புதுமைகள் அனைத்தையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் அப்பயணம் மேற்கொள்வோருக்கு அது பயன்பட வேண்டும் என்பதே அது.

ஏப்ரல் மாதம் அலெக்ஸாந்திரியாவில் கப்பலேறியோர் மே மாதம் மார்சேய் துறைமுகத்தை அடைந்தனர். நோய் பரவாதிருக்கப் புதிய பயணிகளை ஒதுக்கி வைக்கும் 'கரந்தீனா'வில் 18 நாட்கள் தங்கினர். பின்னர் அதே நகரில் ஏறத்தாழ முப்பது நாட்களில் பிரெஞ்சு எழுத்துகளைக் கற்றனர். இருபத்தைந்து வயதை எட்டிய, அஸ்ஹரில் ஆசிரியராகவே அமர்ந்து பாடம் சொன்ன ஓர் ஆலிம், சிறு குழந்தையைப் போல் எழுத்துக் கூட்டத் தொடங்கினார். அறிவுக்கு முன் தலை தாழ்த்த அஞ்சாத இப்பண்பே அவருடைய பிற்கால உயர்வுக்கெல்லாம் வித்து எனலாம்.

பாரிஸில் முதலாண்டு அவர்கள் அனைவரும் ஒரே இல்லத்தில் தங்கினர். வெளியே செல்லக் கட்டுப்பாடுகள் இருந்தன. ஒருவரோடொருவர் அரபியிலும் துருக்கியிலும் உரையாடி வந்ததால் பிரெஞ்சு மொழி அவர்கள் நாவில் படியவில்லை. இதனை உணர்ந்த பொறுப்பாளர்கள், மாணவர்களைப் பிரித்து இருவர் மூவராகவும் தனித்தும் வெவ்வேறு விடுதிகளில் அமர்த்தினர். இன்று வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகள் தம் ஊராரோடு மட்டுமே ஓர் அறையில் அடைபட்டுக் காலம் கழித்துத் திரும்புவதைக் காணும்போது, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதற்கு மருந்து கண்டவர்களை நாம் நினைத்துக் கொள்கிறோம்.

ரிஃபாஆவுக்கு மொழிபெயர்ப்புத் துறை ஒதுக்கப்பட்டது. அரசு வழங்கிய நூல்கள் போதாமல், தமக்குரிய உதவித்தொகையிலிருந்து நூல்களை விலைக்கு வாங்கினார். தனியே ஓர் ஆசிரியரையும் அமர்த்திக்கொண்டார். இரவில் மிகுதியாகப் படித்ததால் இடக்கண் பார்வை நலிவுற்றது. இரவுப் படிப்பை நிறுத்துமாறு மருத்துவர் கூறியும் அவர் நிறுத்தவில்லை என்பதை அவரே எழுதியுள்ளார். மோந்தெஸ்கியு, வோல்தேர், ரூசோ, ரசீன் ஆகியோரின் நூல்களையும், வரலாறு, நில இயல், வடிவ கணிதம், தர்க்கம் ஆகிய துறை நூல்களையும் அவர் பயின்றார்.

பாஷாவின் கண்டனம்

மாணவர்கள் அனைவரும் ஒரே சீராக முயன்றனர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் மாதந்தோறும் தம் படிப்பின் கணக்கைக் கெய்ரோவுக்கு அனுப்ப வேண்டும். அக்கணக்குகளைக் கண்டு மனநிறைவு கொள்ளாத முஹம்மது அலீ பாஷா கடுமையான ஒரு கடிதம் எழுதினார். தஹ்தாவி தம் நூலில் அதை மறைக்காமல் எடுத்துப் பதித்துள்ளார். அதன் கருத்து இது: உங்கள் அறிக்கைகள் தெளிவாக இல்லை, என்ன கற்றீர்கள் என்பதே விளங்கவில்லை. சில நூல்களைப் புரட்டிவிட்டு ஊர் திரும்பினால் கல்வி கற்றதாக ஆகிவிடும் என்று எண்ணுகிறீர்களா? இங்கேயே இருந்து உழைத்துப் பெயர் பெற்றுவரும் உங்கள் தோழர்களின் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?

முஹம்மது அலீ இளமையில் கல்வி பெறாதவர். நடுத்தர வயதைக் கடந்தபின் எழுத்தறிவு பெற்றவர். அவர் எழுப்பிய இவ்வினா எக்காலத்துக்கும் உரியது. ஒரு நாட்டின் உழவர்கள் செலுத்திய வரிப்பணத்தில் படித்தோரிடம் கேட்கப்பட்ட வினா அது. இன்று தாயின் நகையை விற்றும், தந்தை பாலைவன நாட்டில் உழைத்துச் சேர்த்ததைச் செலவிட்டும் படிக்க அனுப்பப்படும் பிள்ளையிடம் பெற்றோர் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்காவிடினும் வினா இருந்துகொண்டுதான் இருக்கிறது.

இறுதித் தேர்வு

1830ஆம் ஆண்டு பாரிஸ் நகருக்குப் பெரும் கொந்தளிப்பைக் கொணர்ந்தது. அவ்வாண்டு ஜூலைத் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படைகள் அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றின. அதே மாத இறுதியில் பாரிஸ் மக்கள் மூன்று நாட்கள் தெருக்களில் போராடித் தம் மன்னர் பத்தாம் சார்லஸை அரியணையிலிருந்து இறக்கினர். இவ்விரண்டையும் தஹ்தாவி அங்கிருந்தவாறே கண்டார். ஒரு முஸ்லிம் நாட்டை வென்றதற்காக அந்நகரின் தலைமைப் பாதிரியார் மன்னரைப் பாராட்டியதை அவர் பதிவு செய்துள்ளார். அப்போருக்கு மதம் காரணமன்று. அரசியலும் வாணிபச் சச்சரவும் செருக்குமே காரணம் என்று எழுதியுள்ளார். தம் சகோதர நாட்டை அடிமைப்படுத்திய மக்களிடமிருந்தே பாடம் கற்க வேண்டிய நிலையில் அவர் இருந்தார். வெறுத்து ஒதுங்கவுமில்லை, மயங்கி மறக்கவுமில்லை. கற்க வேண்டியதைக் கற்றார், கண்டதை எழுதினார்.

அவ்வாண்டு அக்டோபரில் அவருக்கு இறுதித் தேர்வு நடைபெற்றது. மாணவர் குழுவின் கல்வியை மேற்பார்வையிட்ட ஜோமார் என்ற அறிஞர் தேர்வு மன்றத்தைக் கூட்டினார். இந்த ஜோமார், நெப்போலியனோடு எகிப்துக்கு வந்த அறிஞர் கூட்டத்தில் ஒருவர். எகிப்தைப் பற்றிய பெருந்தொகுப்பு நூலின் பதிப்புப் பணியில் தலைமை வகித்தவர். தஹ்தாவி தாம் அரபியில் பெயர்த்த பன்னிரண்டு நூல்களையும் நூற்பகுதிகளையும் மன்றத்தின் முன் வைத்தார். மாவீரன் அலெக்ஸாந்தரின் வரலாறு, கனிம இயல், நில இயல், வடிவ கணிதம், பல நாட்டு மக்களின் பழக்க வழக்கங்கள், படைத்துறை, உடல்நலம், கிரேக்கப் புராணம் முதலியன அவற்றுள் அடங்கும்.

தேர்வின் முறை நம் ஆசிரியப் பெருமக்கள் கவனிக்கத் தக்கது. கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் அச்சான அரபு நூல்களைக் கொடுத்து, அவற்றை அந்த இடத்திலேயே பிரெஞ்சில் சொல்லச் செய்தனர். எகிப்திய அரசிதழைக் கொடுத்தும் அவ்வாறே செய்தனர். பின்னர் அவருடைய அரபு மொழிபெயர்ப்பைப் பிரெஞ்சு மூலத்தோடு ஒப்பிட்டனர். அறிவு ஒரு மொழிக்குள் மட்டும் தங்கிவிட்டதா, இரு திசையிலும் பாய்கிறதா என்பதையே அவர்கள் சோதித்தனர்.

தேர்வாளர்கள் குறையும் கண்டனர். சில இடங்களில் ஒரு சொல்லுக்கு ஒரு முழு வாக்கியம் வந்துள்ளது. சில இடங்களில் கூறியது கூறல் உள்ளது. சில இடங்களில் மூலத்தின் உவமை மாறியுள்ளது. படைக்கலையின் தோற்றுவாயைச் சுரங்கமாக உருவகம் செய்திருந்தது மூலம். தஹ்தாவியின் கையில் அது முத்துக்கள் எடுக்கப்படும் பெருங்கடலாக மாறியிருந்தது! அரபு இலக்கியத்தில் ஊறிய உள்ளம் சுரங்கத்தைக் கண்ட இடத்தில் கடலைக் கண்டதில் வியப்பில்லை. எனினும் மூலப்பொருளின் உயிர் எங்கும் சிதையவில்லை என்பதை மன்றம் ஏற்றுக்கொண்டது. அறிவியல் நூல்களைப் பெயர்க்கும்போது சொல் விரயத்தைக் கைவிட வேண்டும், தேவைப்படும் இடத்தில் பொருத்தமான புதுச் சொல்லைப் படைக்க வேண்டும் என்பதை அவரும் உணர்ந்துகொண்டார் என்று அறிக்கை கூறுகிறது.

தம் தேர்வு அறிக்கையைக் குறைகளோடு சேர்த்தே தம் நூலில் அச்சிட்டார் தஹ்தாவி. நன்மதிப்பெண்ணை மட்டும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் இக்காலத்தில் இப்பெருந்தன்மை போற்றுதற்குரியதன்றோ!

பயண மூட்டையில் இருந்தவை

தேர்வு முடிந்தபின் தாயகம் செல்ல அவர் எவ்வாறு ஆயத்தமானார்? ஆசிரியர் அத்தாரின் அறிவுரைப்படி எழுதி வந்த பயண நூலின் கைப்பிரதியை அறிஞர்களிடம் காட்டினார். ஐரோப்பாவில் அரபு மொழிப் புலமையில் தலைசிறந்து விளங்கிய சில்வெஸ்தர் த சாஸி அதைப் படித்துப் பாராட்டினார்; தயங்காமல் குறையும் சொன்னார். பாரிஸ் வாசிகளையும் பெருநகர மக்களையும் மட்டும் கண்டுவிட்டு, பிரெஞ்சுக்காரர் அனைவரும் மதப்பற்று இல்லாதவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பது அவர் கருத்து. அரபு அறிஞர் கோசான் த பெர்சவாலும் தம் மதிப்புரையை வழங்கினார். இவை அனைத்தையும் தஹ்தாவி உடன் கொண்டு வந்தார்.

ஊன்றி நோக்கினால், பழைய முகாபலாவும் ஸமாவும் இஜாஸாவும் இங்கே புதுக் கோலம் பூண்டிருப்பதைக் காணலாம். எழுதியதை வல்லாரிடம் காட்டித் திருத்துவது முகாபலா. யார் முன்னிலையில் எதைப் படித்தோம் என்பதற்குச் சான்று பெறுவது ஸமாஉ. பிறருக்கு எடுத்துரைக்கலாம் என்ற ஒப்புதல் இஜாஸா. அஸ்ஹரின் ஒழுங்கு பாரிஸிலும் அவரைக் கைவிடவில்லை.

1831இல் பாரிஸை விட்டுப் புறப்பட்டு, மார்சேய் வழியாக அவர் எகிப்தை அடைந்தார். அக்காலத்தில் அவருடைய ஆசிரியர் அத்தார் அஸ்ஹரின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தார். மாணவரின் பயண நூலுக்கு அவரே அணிந்துரை வழங்கினார். 'தக்லீஸுல் இப்ரீஸ் ஃபீ தல்கீஸி பாரீஸ்' என்ற அந்நூல் 1834இல் பூலாக் அச்சகத்தில் வெளியாயிற்று. பாரிஸைச் சுருக்கி உரைப்பதன்மூலம் பொன்னைப் பிரித்தெடுத்தல் என்பது அப்பெயரின் கருத்து. மண்ணையும் கல்லையும் விலக்கிப் பொன்னை மட்டும் கொணர்ந்தேன் என்ற குறிப்பு அதனுள் பொதிந்துள்ளது. முஹம்மது அலீ அதனை அதிகாரிகளும் மாணவர்களும் படிக்கச் செய்தார். சில ஆண்டுகளில் துருக்கி மொழியிலும் அது பெயர்க்கப்பட்டது.

பிரான்சின் 1814ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தை அந்நூலில் அவர் மொழிபெயர்த்து விளக்கினார். அதிலுள்ள பெரும்பகுதி நம் வேதத்திலும் நபிவழியிலும் இல்லாதது எனினும், நீதியும் நேர்மையும் ஒரு நாட்டைச் செழிக்கச் செய்வதை அறிந்துகொள்ளவே அதைத் தருகிறேன் என்று காரணம் கூறினார். அவர்கள் விடுதலை என்று விரும்பிப் போற்றுவது நம்மிடம் நீதி, நேர்மை என்று வழங்கப்படுவதே என்று எழுதினார். அவர்தம் தத்துவ நூல்களில் வழிகெடுக்கும் கருத்துகளும் உண்டு. குர்ஆனிலும் ஹதீஸிலும் ஆழ்ந்த பயிற்சியின்றி அவற்றுள் நுழைவோர் தடுமாறக்கூடும் என்றும் எச்சரித்தார். பாராட்டும் கண்டனமும் ஒரே நூலில் அருகருகே நிற்கின்றன.

மீண்டபின் நிகழ்ந்தவை

பிரான்சிலிருந்து திரும்பிய மாணவர்களைக் கோட்டைக்குள் தங்க வைத்து, ஆளுக்கொரு பிரெஞ்சு நூலைக் கொடுத்து, அதை மொழிபெயர்த்து முடித்தபின்னரே வெளியே செல்ல பாஷா அனுமதித்தார் என்று வரலாற்றாசிரியர் சிலர் கூறுவர். கற்றது நாட்டின் மொழிக்கு வந்து சேர வேண்டும் என்பதில் பாஷாவுக்கு இருந்த பிடிவாதத்தை இச்செய்தி காட்டுகிறது.

தஹ்தாவி முதலில் மருத்துவப் பள்ளியிலும், பின்னர்ப் பீரங்கிப் படைப் பள்ளியிலும் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். தனியொருவர் எத்தனை நூல்களைப் பெயர்த்துவிட முடியும்? இதனை உணர்ந்த அவர், மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்கும் பள்ளி ஒன்று வேண்டுமென்று பாஷாவிடம் எடுத்துரைத்தார். 1835இல் அது நிறுவப்பட்டது. 'மத்ரஸத்துல் அல்ஸுன்' என்று புகழ்பெற்ற மொழிகளின் பள்ளி அதுவே. அவருடைய மேற்பார்வையில் அங்கே பயின்றோர் வரலாறு, சட்டம், நில இயல், கணிதம் முதலிய துறைகளில் ஏராளமான நூல்களை அரபிக்குக் கொணர்ந்தனர். ஐந்தாண்டுக் கல்வி ஒரு தலைமுறைக்கே கல்வியாயிற்று.

பிறகு சோதனைக் காலம் வந்தது. புதிய ஆட்சியாளர் அப்பாஸ், அப்பள்ளியை மூடினார். 1850இல் சூடான் நாட்டுக் கர்த்தூமில் ஒரு தொடக்கப்பள்ளி நடத்துமாறு கூறித் தஹ்தாவியை அங்கே அனுப்பினார். பெயரளவில் அது பணி. உண்மையில் நாடு கடத்தல். உடன் சென்ற தோழர் பலர் அங்கேயே மாண்டனர். பாரிஸில் படித்துத் திரும்பிய கணித வல்லுநர் பயூமீ எஃபெந்தியும் அவர்களுள் ஒருவர். மொழிகளின் பள்ளியை நடத்திய அறிஞர், பாலர்களுக்கு எழுத்தறிவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்.

அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. பிரெஞ்சு ஆசிரியர் ஃபெனலோன் எழுதிய 'தெலெமாக்' என்னும் நூலைக் கர்த்தூமில் இருந்தவாறே அரபியில் பெயர்த்தார். தந்தையைத் தேடி நாடு நாடாக அலையும் ஓர் இளவரசனுக்கு அரசறம் போதிக்கும் கதை அது. கொடுங்கோன்மையின் தீமையை எடுத்துரைக்கும் அக்கதையை, நாடு கடத்தப்பட்ட ஒருவர் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று. 1854இல் ஆட்சி மாறியபின் அவர் கெய்ரோ திரும்பினார். பிரான்சுக்கான பயணம் வாழ்வில் முதல் மீட்சியைத் தந்தது. கர்த்தூமிலிருந்து வந்தது இரண்டாவது மீட்சி. மீண்டும் பள்ளிகள், மீண்டும் நூல்கள், 1870 முதல் கல்விக்கென ஓர் இதழ் என அவர் பணி தொடர்ந்தது. ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்பதை வலியுறுத்தி, 'அல்முர்ஷிதுல் அமீன்' என்ற நூலை 1872இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு இறையடி சேர்ந்தார்.

எகிப்தில் பரவிய அறிவு விழிப்பின் அலை நம் கரையையும் தொட்டது. 1882இல் ஆங்கிலேயரால் தோற்கடிக்கப்பட்ட எகிப்தியத் தலைவர் அஹ்மது உராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெவ்வை அவர்களோடு அவருக்கு நட்பு ஏற்பட்டது. 1892இல் கொழும்பு மருதானையில் தோன்றிப் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த கல்விக்கூடத்திற்கு அவ்விருவரின் ஊக்கமும் துணை நின்றது. தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான 'அசன்பே சரித்திரம்' 1885இல் சித்திலெவ்வையால் எழுதப்பட்டது. அதன் கதை எகிப்து நாட்டோடு பின்னிக் கிடப்பதை வாசகர் பலர் அறிவர்.

நமக்குரிய பாடம்

பாரிஸ் சென்ற நாற்பதின்மருள் பலர் உயர்பதவி பெற்றனர். முஸ்தஃபா முக்தார் எகிப்தியக் கல்வித்துறையின் தலைவரானார்; மஸ்ஹர் சிறந்த பொறியியலாளராகத் திகழ்ந்தார். ஆயினும் இமாமாகச் சென்ற ஷைகின் பெயரே இன்று முதலில் நினைக்கப்படுகிறது. காரணம் யாது? பிரெஞ்சு மொழியை அவரைவிட நன்கறிந்தோர் அக்குழுவில் இருந்திருக்கலாம். அரபு மொழியை அவரளவுக்கு ஆழ்ந்து கற்றவர் அரிது. கொணர்ந்ததை வைக்க அவரிடம் பாத்திரம் இருந்தது. அஸ்ஹரில் ஓதிய இலக்கணமும் இலக்கியமும் சட்டமும் அப்பாத்திரம். சொல் இல்லாத இடத்தில் சொல்லைப் படைத்தார். படைக்க இயலாத இடத்தில் பிறமொழிச் சொல்லை அரபு எழுத்தில் எழுதி, பொருள் விளக்கமும் அகராதியும் இணைத்தார். அரபுத் தமிழில் நூல் யாத்த நம் முன்னோர் மார்க்கச் சொற்களைத் தமிழுக்குக் கொணர்ந்ததும் இவ்வழியிலேயே.

நம் குடும்பங்களிலிருந்து ஆண்களும் பெண்களுமாகப் பலர் இன்று வெளிநாடுகளில் பயில்கின்றனர். மருத்துவம், கணினி, சட்டம், மார்க்கக் கல்வி எனத் துறைகள் பலவாயின. பருவத் தேர்வுகளை முடித்து அவர்கள் ஊர் திரும்பும்போது நறுமணத் தைலமும் பேரீத்தம்பழமும் கைப்பேசியும் பெட்டியில் வருகின்றன. அவை வரட்டும், உறவினர் மகிழட்டும். ஆனால், கற்ற துறையைப் பற்றித் தாய்க்குப் புரியும்படி தமிழில் பத்து வாக்கியம் சொல்ல அப்பிள்ளையால் இயலுமா என்பதையும் நாம் பார்க்க வேண்டும். இயலாதெனில், ஜோமாரின் மன்றத்தில் அப்பிள்ளை பாதித் தேர்வில்தான் வென்றதாகும். தாய்மொழிப் பயிற்சியை வெட்டிவிட்டு அயல்நாட்டுக் கல்விக்கு ஆயத்தம் செய்யும் பெற்றோர், பாத்திரத்தை உடைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துவர அனுப்புகின்றனர்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு கடமை உண்டு. கற்று வந்தவருக்குப் பள்ளிவாசல் முற்றத்திலோ, மத்ரஸா வகுப்பிலோ, ஊர் நூலகத்திலோ ஒரு மாலைப்பொழுதையேனும் ஒதுக்கித் தருதல் வேண்டும். அவர் கண்டதைக் கூறட்டும்; அங்குள்ள நன்மையையும் தீமையையும் மறைக்காமல் கூறட்டும்; இளைஞர்கள் வினவட்டும். கருத்து மாறுபாடு எழுந்தால், கொர்தோவாவின் அமீர் செய்ததைப் போல நூலைத் திறந்து பார்த்த பின்னரே தீர்ப்புச் சொல்லட்டும். திரும்பியவர் கர்த்தூமுக்கு அனுப்பப்பட்டவரைப் போல் ஊருக்குள்ளேயே ஒதுக்கப்படும் நிலை நம்மிடையே நேரலாகாது.

தம் நாட்டிற்குத் திரும்பிய தஹ்தாவி நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். பாரிஸில் கழித்த ஐந்தாண்டுகளுக்கு உரிய கணக்கை அந்நாற்பதாண்டுகளிலும் செலுத்திக்கொண்டே இருந்தார். இவ்விடுமுறையில் பிள்ளை வீடு வந்து சேர்ந்ததும், களைப்பு நீங்கிய ஒரு மாலையில் அருகில் அமர்த்தி, 'என்ன படித்தாய், எங்களுக்கும் சொல்' என்று கேளுங்கள். கல்வி பயனுற அல்லாஹ் அருள்வானாக!